வெறுமையாகத் திரும்பாத கோப்பை

திகனயில் ஜெயராணி டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த மண் கோப்பையை நாலு ஆண்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. கோப்பை ஒன்றும் பெரியதல்ல, ஒரு வீட்டுக்கு வட்டிலப்பம் கொள்ளும், அவ்வளவுதான். அப்போது அதில் எதுவும் இருக்கவுமில்லை. அதுதான் பிரச்சினை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் வீட்டுச் சாமான் ஏற்ற வந்த லொறி நின்றுகொண்டிருந்தது.

கோப்பையைச் செய்தவள் அடுத்த வீட்டு பஸீஹா. கொரோனா ஊரடங்கில் ஊரே ஆளுக்கொரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டபோது, இவள் கார் கராஜில் சக்கரம் ஒன்றைப் போட்டு மண் பிசையத் தொடங்கினாள். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கணவர் நஸீப், காரை மழையில் நிறுத்தப் பழகிக்கொண்டார். முதலில் செய்ததெல்லாம் சூளையில் வெடித்தது. வெடிக்காமல் வந்த முதல் கோப்பையில், பெருநாளுக்குத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை வைத்து, மதிலுக்கு மேலால் ஜெயராணிக்குக் கொடுத்தாள். ஜெயராணியோ அதே ஊரடங்கில் பாண் சுடப் பழகியவள். ஈஸ்ட் கிடைக்காததால் மாவையும் தண்ணீரையும் ஒரு போத்தலில் புளிக்கவைத்து, தினமும் அதற்குத் தீனி போட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது. கோப்பையும் அதைக் கற்றுக்கொண்டது. வெறுமையாகத் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தால் அம்மிக்கல்லாகக் கனக்கும், ஒரு துண்டு பாணை வைத்தால் காகிதமாகிவிடும். பிரியாணி போனது, பாண் வந்தது. நோன்புக் கஞ்சி போனது, சர்க்கரைப் பொங்கல் வந்தது. நல்ல கோப்பை என்று சொல்லி எல்லோரும் தத்தம் வேலையைப் பார்த்தார்கள்.

வினை தைப்பொங்கலுக்கு வந்தது. ஹேவாஹெட்டவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்ட ஜெயராணி, போத்தலை பஸீஹாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இரண்டொரு நாளில் அதன்மேல் கறுப்புத் தண்ணீர் மிதந்தது, மணமும் மூக்கைத் துளைத்தது. அது வெறும் பசிதான் என்று பஸீஹாவுக்கு யார் சொல்வது? செத்துவிட்டதென்று பதறி, இத்தனை வருஷமாகப் பூக்காமல் அடம்பிடித்த ஓர்கிட் தொட்டியில் அதை ஊற்றினாள். போத்தலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த வீட்டுப் பாத்திரம் வெறுமையாகப் போகக் கூடாதல்லவா, அதனால் வாய்வரை தொதல் இனிப்பை நிரப்பிக் கொடுத்தனுப்பினாள். ஜெயராணி மூடியைத் திறந்து தொதலைப் பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

மாசக்கணக்காக மதிலுக்கு மேலால் ஒரு தலையும் தெரியவில்லை. அதற்குள் ஜெயராணிக்கு ஹேவாஹெட்டவுக்கே இடமாற்றம் வந்துவிட்டது. போகிற அன்று, உறவு முடிந்தது என்று காட்டுவதற்காகவே கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நினைத்தாள். கோப்பை அசையவில்லை.

"ஒரு பிஸ்கட்டயாவது போட்டுக் குடு. லொறிக்காரன் போகப்போறான்," என்று அவள் கணவன் பிரதீஸ் கெஞ்சினான். ஜெயராணி ஒரு பிஸ்கட்டை வேண்டாவெறுப்பாக விட்டெறிந்தாள். மேசைக் கால் மளுக்கென்றது.

மதிலுக்கு இந்தப் பக்கம் பஸீஹாவுக்கு எல்லாம் கேட்டது. இனி இவள் ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுவாள் என்று தெரிந்துவிட்டது. யாரும் பார்க்காமல் அழுவதற்கு ஓர்கிட் தொட்டியடியில் போய்க் குந்தினாள். அந்தச் செடி சில வாரங்களாகத்தான் பூத்திருந்தது. பூக்கள் காலையில் உப்பும், மாலையில் அமுங்கும், சுட்ட பாண் மணக்கும். பட்டர்தான் குறை என்று நஸீப் பகிடி பண்ணுவார். இப்போது தொட்டிக்குள்ளிருந்து குமிழி வெடிக்கும் சத்தம் வந்தது. தேங்காய் மட்டைக்கடியில் விரலை விட்டால், வெள்ளை வெளேரென்று புளிமா பொங்கிக்கொண்டிருந்தது.

பாத்திரம் தேட அவளுக்கு நேரமில்லை. இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"மவுத்தாகிட்டுன்னு நெனச்சிட்டேன் ஜெயா. ஊத்த முந்தி ஒன்னக் கேட்டிருக்கணும்."

ஜெயராணி குனிந்து மணந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "உசுரோடதான் இருக்குங்க ராத்தா," என்றாள். "நானும் ஒரு வார்த்தை கேக்காம மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்."

பாதியைத் தன் போத்தலில் போட்டாள். மற்றப் பாதியை, பிஸ்கட்டை எடுத்துவிட்டு, கோப்பையில் வைத்தாள். கோப்பை தானாகவே மேசை விளிம்புக்கு நகர்ந்து வந்து நின்றது. பஸீஹா அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லொறி புறப்படும் நேரம் அதே கோப்பையில் சோறும் கறியும் போட்டு ஓடிவந்து ஜெயராணி மடியில் வைத்தாள். வைத்தால் திரும்பி வரத்தானே வேண்டும்.

இப்போது கோப்பை பஸ்ஸில் போய் வருகிறது. கண்டியில் பஸ் மாற்றும்போது யாராவது தூக்கி வைத்துவிடுவார்கள். கொண்டக்டர்கள் டிக்கட் கேட்பதில்லை. ஒருமுறை ஹேவாஹெட்டவிலிருந்து வரும் வழியில் எவனோ உள்ளிருந்த பாணை முழுதாகத் தின்றுவிட, தலாத்துஓயா ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. பயணிகள் முணுமுணுத்தபடி ஒரு பிடி போஞ்சி, இரண்டு டொபி, ஒரு தோடம்பழம் என்று போட்டார்கள், பஸ் ஏறியது. அன்று மதிலுக்கு மேலால் யாருமில்லாத திகனயில், பஸீஹா போஞ்சியைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக மாவு பிசைந்தாள்.