வகிடு நிரப்புகிறவள்

அந்த ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு, எட்டே நாளில், படத்தில் இருந்த அளவுக்குத் தலையில் முடி வளர்ந்தது. படம் எடுத்தவர் முதலாளி. அவருக்கு இதில் பங்கில்லை. கணினியில் படத்தைத் திருத்துகிறவள்தான் காரணம். பெண்கள் படம் என்றால் முகப்பருவை அழிப்பதும், அகன்று கிடக்கும் வகிட்டை இழை இழையாக நிரப்புவதும் அந்தக் கடையின் வழக்கம், யாரும் கேட்க வேண்டியதில்லை. வரைந்த ஒவ்வோர் இழைக்கும் அவள் தலையிலிருந்து ஒன்று உதிர்ந்தது.

இது புரிய அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் எண்ணெயை மாற்றினாள், சீப்பை மாற்றினாள், தண்ணீரைக் குறை சொன்னாள். தோல் மருத்துவர் ரத்தம் சோதித்து, இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரையும் தலையில் தடவ மருந்தும் எழுதினார். மருந்து நன்றாகவே வேலை செய்தது. முளைத்ததெல்லாம் சனிக்கிழமைக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு வாடிக்கைக்காரி, "எனக்கு நேர் முடிங்க, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல" என்று ஒரு சுருளைக் காட்டியபோது, அது தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. தன் படத்தில் தானே வரைந்து பார்த்தாள். பத்து உதிர்ந்து பத்து முளைத்தது. அன்றோடு வகிட்டில் கை வைப்பதை விட்டுவிட்டு, கேட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினாள்.

அப்போதுதான் அக்கா வந்தாள். கடுங்காய்ச்சல் விட்ட மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, தலையில் துணி சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டு வீட்டிலேயே கிடந்தவள்.

"காய்ச்சலுக்குக் கொட்டினது தானா வந்துடும்க்கா. டாக்டரே சொன்னாங்க, ஆறு மாசம் பொறுத்துக்கோ."

"நான் பொறுத்துப்பேன். அடுத்த வாரம் போகலைன்னா வேற டீச்சரைப் போட்டுடுவாங்க. நீதான் எல்லாருக்கும் போட்டு விடுறியாமே, எனக்கும் கொஞ்சம் போடேன்."

தங்கைக்கு அழுகை வந்தது. தன் தலையைத் தடவிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தது. அத்தனையும் அக்காவின் படத்தில் வரைந்தாள்.

அக்கா வகுப்புக்குப் போனாள். தங்கை மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தாள். முதலாளி மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். இந்த முறை வேரோடு போயிருந்ததால் மருந்துக்கும் மசியவில்லை.

டாக்டர் சொன்னபடியே ஆறு மாதத்தில் அக்காவின் சொந்த முடியும் திரும்பி வந்தது. இரண்டு பேர் முடியைச் சுமந்து கழுத்து வலி கண்டவள், பின்னும்போது நடுவில் சுருள் சுருளாக வந்ததைப் பார்த்து விஷயம் புரிந்து, ஒரு மத்தியானம் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள்.

"எந்திரி. அந்த ஸ்டூல்ல போய் உக்காரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, லூசு?"

முதலாளி படம் பிடித்தார். மவுஸைத் தொட்டே பழக்கமில்லாத அக்கா, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரைந்தாள். இழைக்கு ஒன்றாக இப்போது அவள் தலையிலிருந்து உதிர்ந்தது.

எட்டாம் நாள் தங்கைக்கு முடி வளர்ந்தது. இடப்பக்கம் அடர்த்தியாக, வலப்பக்கம் ஏனோதானோவென்று, மவுஸ் வழுக்கிய இடத்தில் காதுக்குக் கீழே ஒரு கொத்து. அழித்துச் சரிசெய்ய அவளுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்தப் படத்தை அவள் திறக்கவே இல்லை. காதுக்குக் கீழே இருந்ததைத் தனியாகப் பின்னிக்கொண்டு வேலைக்கு வந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.