வீரமுத்து மஹாலின் தெற்குச் சுவர்

கள்ளக்குறிச்சியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீரமுத்து மஹாலின் தெற்குச் சுவரில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி, கல்வராயன்மலையில் கரியன் கட்டி முடிக்காமல் போட்டிருந்த வீட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குத் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். மலையேறும் முதல் பஸ்ஸைச் சுவர் முந்திக்கொண்டு போனதாகவும், வளைவில் எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கி வழிவிட்டதாகவும் டிரைவர் சொன்னார். ஐந்து வரிசைக்கு இரண்டு வரிசை செங்கல் கழன்றுபோன பிறகும் மீதிச் சுவர் விழவில்லை. நடுநடுவே வெளிச்சத்தை விட்டுக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நின்றது. பிரவீன்குமார் கட்டிய கிழக்குச் சுவர் மட்டும் ஒரு கல்கூடக் குறையாமல் இருந்தது.

கரியன் மலையிறங்கி வந்ததே அந்த வீட்டுக்காகத்தான். அரசாங்கம் ஒதுக்கிய வீடு, ஜன்னல் உயரத்தோடு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. மணல் மலையேற ஏற அதன் விலையும் ஏறும். மழைக்காலத்தில் அவனும் பெண்சாதி சாமியம்மாளும் நாலு சுவருக்கு நடுவில் தார்ப்பாய் கட்டிப் படுத்தார்கள். சொந்த வீட்டுக்குக் கூரை போட, அடுத்தவன் கல்யாண மண்டபத்துக்குக் கூரை போட வந்தார்கள். கரியன் கொத்தனார், சாமியம்மாள் சித்தாள், தங்கல் வேலையோரத்துத் தகரக் கொட்டகை. டவுன் கொத்தனார் பிரவீன்குமாருக்கு நாள் கூலி ஆயிரம், கரியனுக்கு அறுநூறு. டவுன் சித்தாள் நிர்மலாவுக்கு அறுநூறு, சாமியம்மாளுக்கு முந்நூறு. ஆனால் எதிர்த்தாப்போல இருந்த பரோட்டாக் கடையில் மலைக்காரருக்கென்று தனி விலைப்பலகை எதுவும் தொங்கவில்லை.

வீரமுத்து வடக்கனந்தல் பக்கத்து நிலக்காரர். 'வள்ளல்' என்ற பட்டத்தைத் தம் செலவில் தாமே அச்சடித்துக்கொண்டவர். பூமி பூஜையன்று கரியன் அவரிடம் ஒரு கைப்பிடி மண் கேட்டான். அடுத்தவர் நிலத்தில் முதல் நாள் கைவைக்கும்போது அந்த நிலத்துக்காரர் கையால் மண் வாங்கித் துண்டில் முடிந்துகொள்வதும், பக்கத்தில் நின்று வேலை செய்தவனுக்குக் கிடைத்த கூலியே தனக்கும் கிடைத்தால் அதை அந்த நிலத்திலேயே திருப்பிப் போடுவதும் அவன் ஊர் வழக்கம். குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சாமை அறுப்பில் எல்லாருக்கும் ஒரே படி என்பதால் சோதித்துப் பார்க்க வாய்ப்பே வரவில்லை. வீரமுத்து போட்டோக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, "எடுத்துக்கடா, மண்ணுக்கு இன்னா பஞ்சம்" என்று அள்ளிக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் மனதாரக் கொடுத்தது அது ஒன்றுதான்.

சுவர் எழும்பத் தொடங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை கூலியன்று கரியன் கேட்டான். "ரெண்டு பேரும் ஒரே நூலுதாங்க புடிக்கிறோம் மொதலாளி. எனக்கு மட்டும் ஏங்க கம்மி?"

"மலையில உனுக்கு இன்னாடா செலவு? கெழங்கு திம்ப, ஊத்துத் தண்ணி குடிப்ப. டவுன்காரனுக்கு வாடகை, பெட்ரோலு, எவ்ளோ கீது. அறுநூறே ஜாஸ்தி."

கரியன் துண்டை அவிழ்த்து, மண்ணை ஐந்து கூறாக்கி, மூன்றை மட்டும் தெற்குச் சுவரடியில் போட்டான். மறுநாள்தான் சுவர் போனது. அடுத்த வாரம் மாடிப்படி போனது. படி கட்டியவன் பிரவீன்குமாரே என்றாலும், கலவை சுமந்தவள் சாமியம்மாள். அதனால் ஒன்றுவிட்டு ஒரு படி காணாமல் போயிற்று.

பொறியாளர் வந்து வெயிலில் செங்கல் சுருங்கியிருக்கலாம் என்றார். விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர், புகார் செய்வது தொழிலாளி அல்ல, சுவர் என்பதால் விதிகளில் இடமில்லை என்று இரண்டு பக்கம் எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். வீரமுத்து லாரியோடு மலையேறிச் சுவரைப் பெயர்த்து ஏற்றினார். ஏற்றுக்கூலி மிச்சம் பிடிக்க அங்கேயே ஆள் பிடித்து, பாதிக் கூலி கொடுத்தார். அவர்கள் மண் கேட்டதற்கு, பட்ட புத்தியில், தர மறுத்தார். கையில் ஒட்டிய செங்கல் தூசே போதுமாயிருந்தது. மூன்றாவது வளைவில் பாதிச் சரக்கும், கூடவே லாரியின் பின்கதவும் திரும்பி மேலே போய்விட்டன.

"அண்ணே, ஒரு மாசம் எனுக்கும் உன் கூலியே குடுக்கச் சொல்லேன். எங்கூட்டு மாடிக்கும் ஒரு சொவுரு வந்து சேரும்" என்றான் பிரவீன்குமார். அதைக் கேட்டுச் சிரித்த சாமியம்மாள், சிரிப்போடு சிரிப்பாக வீரமுத்துவிடம் போய் நின்றாள். "இதோ பாருங்க. டவுன்காரங்களுக்குக் குடுக்கிற கூலியவே எங்களுக்கும் குடுங்க. உங்க சொவுரு தானா எறங்கி வரும். நாங்க வேற செங்கல்லு வாங்கிக்கிறோம்."

வீரமுத்து உண்மையிலேயே யோசித்தார். இவர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். ஓட்டைச் சுவர் தேவலை. ஓட்டைகள் மேல் தாம் கும்பிடுகிற படம் போட்ட பேனரைக் கட்டி மண்டபத்தைத் திறந்தார். பெண் வீட்டார் இப்போது இல்லாத படிகளைத் தாண்டித் தாண்டி ஏறுகிறார்கள். புகைப்படத்துக்கு அது நன்றாக இருக்கிறது என்று வாடகையும் ஏற்றிவிட்டார்.

மலையில் கரியன் வீட்டுக்குக் கூரை வந்துவிட்டது. மண்டபத்து மேற்கூரையில் அவன் பங்கு அது, பூவேலையோடு. ஊராட்சியில் கதவு எண் கொடுத்து வீட்டு வரியும் போட்டார்கள். டவுனில் மற்ற முதலாளிகளும் மலைக்காரருக்கு அதே அறுநூறுதான் தருகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் கொஞ்சம் நெரிசல். போன வாரம் ஊருக்குப் போன பஸ்ஸில் சாமியம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு மாடிச் சுவரும் இரண்டு கழிப்பறையும் ஒரு மளிகைக் கடைப் படிக்கட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.

"இன்னாத்துக்கு அடிக்கிற? ஓரம் கட்டி வழி வுடுப்பா" என்றாள் சாமியம்மாள். "நம்பளுதுதான் போவுது."

டிரைவர் ஓரம் கட்டினார்.