அமெரிக்கன் மெஸ்ஸின் ஒரே அமெரிக்கர்

ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்துச் சிமென்ட் ஆக்கும் ஆலையொன்றின் கேம்ப்பில் இரண்டு மெஸ் இருந்தன. ஒன்றின் கதவில் 'ஜெனரல் மெஸ்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. அதில் அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். இன்னொன்றின் கதவில் பித்தளைப் பலகையில் 'அமெரிக்கன் மெஸ்' என்று பொறித்திருந்தது. அதில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். மூவரில் ஒருவர் ருமேனியா, ஒருவர் ஸ்காட்லாந்து, ஒருவர் கொலம்பியா.

அமெரிக்கர்கள் முன்பு இருந்தார்கள். புதுச் சூளை கட்ட வந்தவர்கள், கட்டி முடித்ததும் ஒவ்வொருவராக விமானம் ஏறிவிட்டார்கள். போகும்போது மெஸ்ஸைக் கையோடு எடுத்துப் போகவில்லை. ஹூஸ்டனில் உள்ள கூட்டாளிக் கம்பெனியும் 'அமெரிக்க ஊழியர் உணவுக்கு' என்று மாதாமாதம் அனுப்பும் பணத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி எழுதும் அளவுக்குக் கேம்ப் பாஸ் சுரேஷ்குமார் முரட்டு மனிதர் அல்ல. காலியான நாற்காலிகளில் வெள்ளையாக இருந்தவர்களைப் பார்த்து உட்காரவைத்தார். கொலம்பியாக்காரர் கோதுமை நிறம்தான். ஆனால் நாற்காலிகள் நிறைய மிச்சமிருந்தன.

அங்கே சமைப்பவர் இஸ்ரவேல். நாசரேத்துக்காரர். வளைகுடாவுக்கு வந்தபோது தலையில் இருந்த முடியில் பாதி இப்போது இல்லை. இருந்த ஆசையில் பாதியும் அப்படித்தான். காலையில் உருளைக்கிழங்கை அவிப்பார், மத்தியானம் அதையே மசிப்பார், சாயங்காலம் அதையே பொரிப்பார். அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்பது அவர் அறிந்தவரை இதுதான். "அமெரிக்கர் என்ன கேட்டாலும் இல்லேன்னு சொல்லக் கூடாது இஸ்ரவேல். அதான் நம்ம பாலிசி" என்பார் சுரேஷ்குமார். கேட்பதற்கு அமெரிக்கர் யாரும் இல்லாததால் பாலிசியைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது.

இஸ்ரவேலுக்கு இப்போது வேண்டியிருந்தது லீவு ஒன்றுதான். மகள் அக்ஸாவுக்குக் கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாசித்தால் பெண்ணின் தகப்பன் ஊரில் நிற்க வேண்டும். சுரேஷ்குமார் முகம் கோணாமல்தான் சொன்னார்: "ஹூஸ்டன்லேர்ந்து ஒரு மேடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க. அது நல்லபடியா முடியட்டும். அன்னிக்கே டிக்கெட்டைக் கையில குடுக்கறேன். யல்லா, ஓடு."

இந்த நேரம் பார்த்துத்தான் நிஜமாகவே ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தார்.

சூளையின் நடுக்கத்தைச் சரிசெய்ய ஹூஸ்டன் அனுப்பிய நிபுணர். பெயர் சோலையப்பன். அடையாள அட்டையில் 'சால்' என்று சுருக்கியிருந்தது. கோவில்பட்டி வெயில் கொடுத்த நிறம், டெக்சாஸ் கொடுத்த தொப்பை, அதற்கு மேலே அகலமான ஒரு தொப்பி. அமெரிக்கன் மெஸ் வாசலுக்கு வந்ததும் நேபாளக் காவலாளி அவரை மரியாதையாகத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

"உதர், பாய். ஜெனரல்."

"நான் அமெரிக்கன்" என்றார் சோலையப்பன், மூக்கால் இழுத்த ஆங்கிலத்தில்.

"அச்சா" என்றான் காவலாளி. "உதர்."

விவகாரம் சுரேஷ்குமாரின் அறைக்குப் போனது. காபி கொண்டுபோன இஸ்ரவேல், டிரேயைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார். கொலம்பியாக்காரர் ஏசி ரிப்பேர் என்று சொல்ல வந்தவர், சண்டையைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

சோலையப்பன் நீல பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார். சுரேஷ்குமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், நீங்க அமெரிக்கன் சிட்டிசன். யாரும் இல்லேன்னு சொல்லலை. ஆனா அமெரிக்கன்கிறது வேற."

"வேறன்னா?"

"அது... எப்படிச் சொல்றது சார். ஒரு லுக்."

"உள்ள உட்கார்ந்திருக்கானே ருமேனியாக்காரன். அவன் அமெரிக்கனா?"

"இல்ல சார். ஆனா யாரும் கேக்க மாட்டாங்க பாருங்க."

கொலம்பியாக்காரர் காபியை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் குறுக்கிட்டார். "நானும் அமெரிக்கன்தான். பொகோட்டாவும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. தெரு முழுக்க உள்ள பேரை ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலில் எழுதி வைத்துக்கொண்டால், மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் என்ன தெருவில் குடியிருக்கிறார்களாம்?"

"நீ சும்மா இரு" என்றார் சோலையப்பன். அதற்குமேல் ஆங்கிலம் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. "முப்பது வருஷமா வரி கட்டுதேன்யா. கோர்ட்டுல ஜூரியா உக்காந்து ஒருத்தனுக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கேன். அங்க இன்னமும் என்னைப் பார்த்து 'நிஜமா உனக்கு எந்த ஊரு?'ன்னு கேக்கான். சரி, அவன் கேப்பான். நீ கேக்கலாமாய்யா? உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒண்ணுதானய்யா!"

"அதான் சார் பிரச்சினையே" என்றார் சுரேஷ்குமார், ரொம்ப உண்மையாக.

சோலையப்பன் எழுந்தார். ஹூஸ்டனுக்கு மெயில் போடப் போவதாகச் சொன்னார். சுரேஷ்குமாருக்கு அந்த ஒரு சொல்லில் எல்லாம் தெளிந்துவிட்டது. அமெரிக்கன் மெஸ் பற்றி ஹூஸ்டனுக்கு ஒரு வரி போவதும் கேம்ப்புக்குத் தீப்பிடிப்பதும் அவருக்கு ஒன்றுதான். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஜன்னலோரம் சோலையப்பனை உட்காரவைத்தார். காவலாளி சல்யூட் அடித்தான்.

இப்படிப் போராடி வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து சோலையப்பன் அவித்த உருளைக்கிழங்கைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு துண்டு மாட்டுக்கறி இருந்தது. அதை அவர் தொட மாட்டார். கிழங்கைத் தொட்டார், அது இறங்கவில்லை. பழகாத வயிறு. டெக்சாஸிலும் வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவாராம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கிச்சனின் பின்கதவு மெல்லத் திறந்தது. முதலில் தொப்பி வந்தது, பிறகு மூக்கு.

"அது என்னது?"

"இதா? எனக்கு வச்ச ரசம் சார்" என்றார் இஸ்ரவேல். மெஸ்ஸுக்குச் சமைத்ததைத் தானே சாப்பிடும் தைரியம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

"மிளகு தட்டிப் போட்டதா?"

"ஆமா சார்."

"பூண்டு?"

"தோலோட."

சோலையப்பன் தொப்பியைக் கழற்றினார். "அண்ணாச்சி..." என்றார்.

ஜெனரல் மெஸ்ஸில் போய் நிம்மதியாகச் சாப்பிடலாமே என்று இஸ்ரவேல் சொல்லிப் பார்த்தார். "அங்க போய் உக்காந்தா சுரேஷ்குமார் ஜெயிச்சிருவான் அண்ணாச்சி" என்றார் சோலையப்பன். ஆக, தினமும் மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ரசம் அமெரிக்கன் மெஸ்ஸுக்குள் போயிற்று. கூடவே ஒரு தட்டில் குழைந்த சோறு. கொலம்பியாக்காரர் இரண்டு நாள் மோந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டார். இஸ்ரவேலுக்கு வேலை கூடியதுதான் மிச்சம். ஆனால் லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பொறுத்துக்கொண்டார்.

ஹூஸ்டன் மேடம் வந்த அன்றைக்கு மெஸ்ஸில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறத்திலும் காகிதத் துடைப்பான்கள். சுரேஷ்குமார் கோட்டு போட்டிருந்தார். கோட்டுக்குள் மனிதர் வெந்துகொண்டிருந்தார். மேடம் துடைப்பான்களைப் பார்க்கவே இல்லை. குளிர்பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்த்தார். கை கழுவுமிடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்து, சோலையப்பன் முன்னால் இருந்த மூடியைத் தூக்கினார்.

மிளகும் பூண்டும் எழும்பி, அறை முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தன.

"இது மெனுவில் இல்லையே?" என்றார் மேடம்.

சுரேஷ்குமாரின் முகத்தில் ரத்தம் இல்லை. "இஸ்ரவேல்! ஜெனரல் மெஸ் ஐட்டம் இங்க எப்படி வந்துது?"

சோலையப்பன் தலை நிமிரவில்லை. ஹூஸ்டன் அம்மாளுக்கு முன்னால் உருளைக்கிழங்கை வெகு கவனமாகக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். இஸ்ரவேல் அவரைப் பார்த்தார். டிக்கெட்டை நினைத்தார். மூன்றாம் ஓலையை நினைத்தார்.

"அமெரிக்கர் கேட்டாரு சார்" என்றார் தன் உடைந்த ஆங்கிலத்தில், மேடத்துக்கும் புரியும்படி. "அமெரிக்கர் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

"எந்த அமெரிக்கர்?" என்று கேட்டார் மேடம். பட்டியலில் நிறையப் பேர் சாப்பிடுவதாக இருந்ததே என்று சுற்றிலும் பார்த்தார்.

ருமேனியாக்காரர் இல்லையென்று தலையசைத்தார். ஸ்காட்லாந்துக்காரர் தன்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்டதற்கே கோபப்பட்டார். கொலம்பியாக்காரர் மட்டும் கை தூக்கினார். ஊர் பொகோட்டா என்றதும் மேடம் புன்னகைத்துக் கையை இறக்கச் சொன்னார். அறையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்.

சுரேஷ்குமாருக்கு நெற்றி வேர்வை கோட்டில் சொட்டியது. சோலையப்பன் அமெரிக்கர் இல்லையென்றால் அமெரிக்கன் மெஸ்ஸில் அமெரிக்கரே இல்லை.

சோலையப்பன் கத்தியைக் கீழே வைத்தார். "நான்தான். இந்தக் கிண்ணமும் என்னுடையது."

"ஹண்ட்ரட் பர்சன்ட் அமெரிக்கன் மேடம்!" என்று கூவினார் சுரேஷ்குமார். "மத்தவங்கல்லாம் லீவுல இருக்காங்க. சார் மட்டும் டியூட்டி. டெக்சாஸ்! இது அமெரிக்கன் பெப்பர் சூப். டெய்லி உண்டு."

மேடம் ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தார். காரம் என்றார். எழுதிக்கொண்டார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டிக்கெட் கேட்கப் போன இஸ்ரவேலை சுரேஷ்குமார் கட்டிப்பிடித்தார். "என் மானத்தைக் காப்பாத்திட்டே. ஆனா ஒரு விஷயம். அந்த சூப்பு ரிப்போர்ட்ல ஏறிடுச்சு. இனிமே டெய்லி மெனு. அமெரிக்கருக்கு அதை உன்னைவிட்டா யாரு வைப்பா? இப்ப லீவு மாஃபி, கிடையாது. ரம்ஜானுக்கு அப்புறம் பார்க்கலாம்."

இஸ்ரவேல் கிச்சனுக்குத் திரும்பி, நாளைக்கு வேண்டிய கிழங்கை உரித்தார். பின்கதவில் தொப்பி தெரிந்தது. என்ன ஆச்சு என்று கேட்ட சோலையப்பனுக்கு நடந்ததைச் சொன்னார். "பரவால்ல சார், உங்க மேல தப்பில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார். சோலையப்பன் கேட்டுவிட்டு, ரசத்தைக் குடிக்காமலே போனார்.

மறுநாள் மத்தியானம் மெஸ்ஸில் கிண்ணம் மேசையில் மோதும் சத்தம் கேட்டது.

"சுரேஷ்குமார்! இது என்ன ரசமா, கழனித்தண்ணியா? புளி தூக்கல், உப்பு மட்டு. ஒரு அமெரிக்கனுக்குக் குடுக்கிற சாப்பாடாய்யா இது? இந்த ஆளை இன்னைக்கே கிச்சனை விட்டு எடு. ஊருக்கு அனுப்பு. இல்லேன்னா ஹூஸ்டனுக்கு மெயில் போடுவேன்."

பேசி முடிக்கும்வரை அவர் இஸ்ரவேல் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

அமெரிக்கர் ஒருவரின் புகார். அந்த மெஸ்ஸின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய ஆவணம் வந்ததில்லை. ஒரு மணி நேரத்தில் டிக்கெட் தயார். ஜெனரல் மெஸ்ஸிலிருந்து சாதிக் பாட்ஷாவை அழைத்து வந்து கரண்டியைக் கொடுத்தார்கள். "போய் உன் வொய்ஃப்கிட்ட நல்லா ரசம் வைக்கக் கத்துக்கிட்டு வா" என்றார் சுரேஷ்குமார், கோபமாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் தொப்பி தெரிந்தது. அது அசையவில்லை. இஸ்ரவேல் கும்பிட்டார். தொப்பி கொஞ்சம் தாழ்ந்தது.

விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இஸ்ரவேல் மனைவி அன்னபாக்கியத்துக்குப் போன் போட்டார்.

"வாரேன்ட்டி. டிக்கெட் குடுத்துட்டாங்க."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! எப்படி விட்டாங்க? ரம்ஜான் கழியட்டும்னுல்லா சொன்னாங்க?"

"ஒரு அமெரிக்கர் சொல்லி விட்டாங்க."

"வெள்ளைக்காரரா?"

"கோவில்பட்டிக்காரரு."

"பொறவு அமெரிக்கர்னு சொல்லுதிய?"

அதைச் சொல்லி விளங்கவைக்க இஸ்ரவேலுக்கு அலுப்பாக இருந்தது. தெரிந்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வண்டியில் ஏறியதிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

"அது கெடக்கட்டும். நான் வைக்கிற ரசத்துல புளி தூக்கலாம், உப்பு மட்டாம். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. எனக்காகத்தான் அப்படிச் சொன்னாருன்னு வையி..."

"அவரு எதுக்காகச் சொன்னாரோ" என்றாள் அன்னபாக்கியம். "உங்க ரசத்துல அது எப்பவும் உள்ளதுதான?"