மூன்று விண்ணப்பம், ஒரே கேட்

1

இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல, அண்ணி சொன்னது. அண்ணன் வீட்டுச் சமையலறையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். அண்ணிக்கு மின்கட்டண ஆணையத்தில் வேலை. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வரைவு எழுதும் பிரிவில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் கதை எழுதுகிறவன். தப்பு என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "ஜன்னலே இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் பல்லாயிரம் கம்ப்யூட்டர்கள் அசுரப் பசியோடு..."

(வேண்டாம். இப்படி எழுதினால் கோபம் வரும், விஷயம் புரியாது.)

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு கம்பெனி சர்வர் கூடம் கட்டுகிறது. ஒரு சின்ன நகரத்துக்கு வேண்டிய மின்சாரம் அதற்கு வேண்டும். அதற்காகவே ஒரு துணைமின்நிலையம், புதிய கம்பித்தடம். இந்தச் செலவை வழக்கமாக எல்லார் கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவார்களாம். அது கூடாது என்று அண்ணி ஒரு விதி எழுதினார். ஐம்பது மெகாவாட்டுக்கு* மேல் இழுக்கும் எந்த இணைப்பும் தனக்காகப் போட்டதன் செலவைத் தானே ஏற்க வேண்டும். பாதியில் மூட்டை கட்டினாலும் பதினைந்து வருஷம் கட்டியே ஆக வேண்டும்.

* ஒரு மெகாவாட் என்பது சுமார் ஆயிரம் இஸ்திரிப்பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடாக்கும் மின்சாரம். அண்ணி சொன்ன கணக்கு. இதை எழுதும்போதுதான் எங்கள் தெரு இஸ்திரிக்கடை அக்கா ஞாபகத்துக்கு வந்தார். வருவார், இருங்கள்.

3

கம்பெனி ஒரு விண்ணப்பம் போடவில்லை. மூன்று பெயரில் மூன்று போட்டது. ஒவ்வொன்றும் நாற்பத்தெட்டு மெகாவாட், விதி தொட முடியாத அளவு. இடம் பார்க்கப் போன எஞ்சினியர் ஒரே கேட்டில், ஒரே வாட்ச்மேனிடம், ஒரே நோட்டில் மூன்று தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"மொத்த வளாகத்துக்கும் சேர்த்து வரம்பு வெச்சிருக்கலாமே அண்ணி?"

"எங்க செக்‌ஷன்ல ஒரு மீட்டர்னா ஒரு ஆள். அப்படியே பார்த்துப் பழகிப்போச்சு. ஒரே ஆள் மூணு மீட்டரோட வந்து நிப்பான்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

வெள்ளிக்கிழமையோடு வரைவுமீது ஆட்சேபம் கேட்பது முடிகிறது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு விதி அசையாது. இப்போது சொன்னால் ஓட்டை அண்ணியுடையது என்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் வரவேண்டிய இயக்குநர் பதவி கைநழுவிப் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கட்டணம் ஏறினால் காரணத்துக்கா பஞ்சம்?

4

கட்டணம் கட்டுகிறவர் ஒருவராவது கதையில் வேண்டுமே என்று இஸ்திரிக்கடைக்குப் போனேன்.

"கரண்ட் ரேட் ஏறினா என்னக்கா பண்ணுவீங்க?"

"நான் சட்டைக்கு ஏத்துவேன். நீ வீட்லயே தேச்சுக்குவ. அப்புறம் நான் என்னத்தத் தேய்க்கிறது?" பெட்டி நிற்கவே இல்லை. "எதுக்குக் கேக்குற, ஏறப்போகுதா?"

கதைக்காக என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

முடிவு ஒன்று: பொது விசாரணையில் அக்கா எழுந்து, மூன்று விண்ணப்பங்களையும் தூக்கிக் காட்டி, சூழ்ச்சியைப் போட்டு உடைக்கிறார். (ஒரே கைதட்டல். எனக்கே கண் கலங்கியது.)

முடிவு இரண்டு: அண்ணி வாய் திறக்கவில்லை. பதவி வருகிறது. ஒருநாள் எங்கள் தெருவில் அந்தக் கடை (இதற்கு மேல் எழுத வரவில்லை. அண்ணி முகம் குறுக்கே வந்துவிட்டது.)

5

வியாழக்கிழமை மதியம், ஆணையத்து கேன்டீனில் தாள்களை நீட்டினேன். இரண்டாவது முடிவைப் படித்துவிட்டு அண்ணி தாளைக் கவிழ்த்து வைத்தார். முதல் முடிவுக்குத்தான் எரிச்சல்பட்டார்.

"இந்தம்மா நூத்தி முப்பது பக்க வரைவை எப்பப் படிச்சாங்க?"

"கதைதானே அண்ணி..."

"காலைலேருந்து நின்னுட்டே தேய்க்கிறவங்க. அவங்க எதுக்குப்பா அதைப் படிக்கணும்? படிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அதுவும் அவங்க கட்டுற பில்லுலேருந்துதான் வருது."

சொல்லிவிட்டு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டவர்போல நிறுத்திக்கொண்டார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. முதல் மாடியில் அவருடைய நாற்காலி, மூன்றாம் மாடியில் தலைவர் அறை; தப்பைச் சொல்வதானால் அங்கேதான் சொல்ல வேண்டும். எங்கே போய் நின்றார் என்பது கேன்டீனிலிருந்து தெரியாது.

6

இன்று வெள்ளிக்கிழமை. போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. அண்ணியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் சொல்லப்போகும் பதில் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாடியோ மூன்றாம் மாடியோ, உங்கள் இஷ்டம். முடிவு ஒன்றை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன். ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வேலையையும் சேர்த்து அந்த அக்கா தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.