ஒன்பது மணித் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு நகராட்சி அலுவலகத்தில் கிடைத்தது. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்து அறையில் ஓர் ஆணும் பெண்ணும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். சண்டை என்றால் யாருக்குத்தான் காது நீளாது? எனக்கும் நீண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

[காதில் விழுந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் நானே இட்டுக்கட்டியது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய...”

வேண்டாம். பஞ்சமெல்லாம் இல்லை. தண்ணீர் தினமும் வந்தது. வந்த நேரம்தான் தொல்லை.

பள்ளிக்கூடத்து மணி ஒன்பதுக்கு அடிக்கும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் குழாய் திறப்பதும் அதே ஒன்பதுக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தினமும் நனைந்த சீருடையோடு ஓடி வருவாள். வகுப்பில் அவளுக்கு ‘லேட்டு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அம்மா விடியும் முன்பே தையல் ஆலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். வீட்டில் குடம் தூக்க வேறு கை இல்லை.

ஒருநாள் அந்த அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தலைமையாசிரியையைப் பார்க்க வந்தார்.

“டீச்சர், இவளை நிறுத்திடலாம்னு இருக்கேன்.”

“ஏம்மா? நல்லாப் படிக்கிற பிள்ளை.”

“படிக்கிறா, யாரு இல்லேன்னா? தினம் வகுப்புக்கு வெளியில நின்னு பேச்சு வாங்கிட்டு, வீட்டுக்கு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறா. தண்ணியில்லாம அடுப்பு மூட்ட முடியுமா? இந்த மாசம் பாப்பேன். அப்புறம் நிறுத்திடுவேன்.”

தலைமையாசிரியை அன்று மதியமே நகராட்சிக்குப் போன் போட்டார்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். நகராட்சியின் குடிநீர் மேற்பார்வையாளரை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தேன். “‘ரூல்ஸ் தெரியுமா உங்களுக்கு?’ என்று அவர் மேசையைத் தட்டி...”

தட்டவில்லை. எத்தனை விதமாக எழுதிப் பார்த்தும் அந்த மனிதர் மேசையைத் தட்ட மறுத்துவிட்டார். தலைமையாசிரியை போனில் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டு, “பாக்கறேன் டீச்சர்” என்றார்.

[இந்தப் ‘பாக்கறேன்’ இருக்கிறதே, முடியாது என்பதை மரியாதையாகச் சொல்ல நம் அலுவலகங்களில் அதைவிட நல்ல சொல் கிடையாது.]

தலைமையாசிரியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆனாலும் யாரையும் திட்டவில்லை. நம் கையில் இருப்பதை நாம் செய்வோம் என்று ஆசிரியர்களைக் கூட்டிப் பேசினார், மேலிடத்தில் நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். திங்கட்கிழமை முதல் பள்ளி பத்துக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும் என்று வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னார். குழாயடிக்குப் போய்விட்டே நிதானமாக வரலாம்.

மேற்பார்வையாளரோ உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கடைத்தெருக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர்களுடைய நான்கு மணித் தண்ணீர் முறையைக் காலைக்கு மாற்றினார். பள்ளிக்குப் பின்தெருவுக்கு, பள்ளி விடும் நேரமான நான்கு மணிக்குத் தண்ணீர். திங்கட்கிழமை முதல்தான். ஞாயிறு சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டித் தெருவுக்குச் சொல்லியும்விட்டார். டீச்சரின் வீடு ஊரின் மறுகோடியில். மைக் அங்கே எட்டவில்லை.

திங்கட்கிழமை லேட்டு நேரத்துக்கு வந்தாள், காய்ந்த சீருடையோடு. தலைமையாசிரியை மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். நான்கு மணிக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. லேட்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் பாதி வகுப்பும் ஓடியது.

4

நான் கேட்ட பேச்சு இதற்கு மறுநாள் நடந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“பாக்கறேன்னு சொன்னேனே டீச்சர்.”

“பாக்கறேன்னு சொல்றவங்க எல்லாம் பாக்கவா செய்றாங்க?”

அவர் சிரித்துவிட்டார். “தப்பு எம்மேலதான். தண்ணியைப் பழைய நேரத்துக்கே மாத்திடறேன்.”

“ஐயோ, வேணாம் சார். கேக்காம செஞ்சது நான். மணியை நான் மாத்திக்கிறேன்.”

“நான் மாத்தறேங்கிறேன்ல?”

“நானும் அதைத்தானே சொல்றேன்?”

“அப்ப ரெண்டு பேரும் மறுபடி ஒன்பதுல வந்து முட்டிக்குவோம் டீச்சர்.”

பழியை அடுத்த மேசைக்குத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தன் பக்கம் இழுக்கப் போட்டி போடுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். கடவுள் நம்மைச் சில வரிசைகளில் காக்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது போலும்.

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். முதலாவதில் மணி பழையபடி ஒன்பதுக்குப் போகிறது, தண்ணீர் நான்கிலேயே இருக்கிறது. ஆனால் பள்ளி விட்டதும் விளையாட்டையும் படிப்பையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளை குழாயடியில் நிற்பதா? இரண்டாவதில் தண்ணீர் ஒன்பதுக்குத் திரும்புகிறது, பள்ளி ஐந்து வரை நடக்கிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் இருட்டில் வீடு போய்ச் சேர...

அடித்துவிட்டேன். தலைமையாசிரியையே எழுந்துவிட்டார்.

“நாம ரெண்டு பேருமே அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே சார்.”

“வாங்க, இன்னிக்கே போவோம்.”

இப்போது இருவரும் அந்த வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஆலையிலிருந்து அந்தத் தாய் இப்போதுதான் வந்திருக்கிறார். மாதம் முடியப்போகிறது. மகளை நிறுத்துவதா வேண்டாமா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அவர் எந்த நேரத்தைச் சொன்னாலும் இந்த இருவரும் அதைச் செய்து முடிப்பார்கள். அதற்கு நான் பொறுப்பு.

பதிலை நான் எழுதப்போவதில்லை. அந்தத் தாய் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து முதலில் அவர்களை உட்காரச் சொல்லுங்கள். பிறகு, உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று சொல்லுங்கள்.