டார்லா போட்ட டிக்

வெர்னா அத்தையின் புட்டியில் பத்தொன்பது மாத்திரைகள் மிச்சமிருந்தன. நாளுக்கு ஒன்று. ரத்தத்தில் வந்த புற்றுநோயை ஏழு வருடமாக அந்த மாத்திரைதான் அடக்கி வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் தானாக வந்து சேரும். இந்த மார்ச் மாதம் வரவில்லை. மருந்தை அனுப்புகிறவர்களுக்குப் போன் போட்டால், அம்மணிக்கு மருந்துக் காப்பீடே கிடையாதே, ஜனவரி பிறந்ததோடு போய்விட்டதே என்றார்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் ஒரு மாதத்து விலையில் ஊரில் நல்லதாக ஒரு பழைய கார் கிடைக்கும்.

அதற்காகத்தான் டார்லா வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், ஐம்பத்தொரு வயது. எமில் அவள் அம்மாவின் அண்ணன். ஆற்றங்கரைக் கண்ணாடி ஆலையில் முப்பத்துமூன்று வருடம் உலை முன்னால் நின்றவர், இப்போது எண்பத்துநாலு. அவருக்கும் வெர்னாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே காகிதம் என்று எது வந்தாலும் டார்லாதான்.

இந்த ஊரில் வயதானவர்களுக்கு உதவுவதென்றால் சூப் வைத்துக் கொடுப்பதோ கைபிடித்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவதோ இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதுதான் உதவி. ஒரே பாட்டு, நாற்பது நிமிடம். நடுநடுவே ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று கூசாமல் பொய் சொல்லும். டார்லாவுக்கு அது பழகிவிட்டது. செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அத்தைக்கு முட்டைக்கோசு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தவக்கால வெள்ளி, கறி கிடையாது. முட்டைக்கோசும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்குவார்கள்.

முதல் போன் ஆலையின் ஓய்வூதிய ஆபீசுக்கு, மருந்துக் காப்பீடு அவர்கள் வழியாகத்தான். பாட்டு நின்று ஒரு பெண் வந்தாள். வந்ததும் சடங்கு தொடங்கியது. எமில் வாயால் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி, மருமகள் பேச அனுமதி என்றும் சொன்னால்தான் அவர்கள் டார்லாவிடம் வாயைத் திறப்பார்கள்.

"எமில், காதுல மெஷின மாட்டு. ஒன்னத்தான் கேக்குறாங்க" என்றாள் வெர்னா.

"மாட்டித்தான் இருக்கேன். அது விசிலடிக்குது."

"விசிலடிச்சா அடிக்கட்டும். இந்த வயசுல ஒன்னப் பாத்து வேற யாரு விசிலடிக்கப் போறா?"

எமில் மேசைமேல் குனிந்து, ஆறு தாண்டி நிற்கிறவனிடம் பேசுவது போலக் கத்தினார். பெயர், தேதி. "என் தங்கச்சி மவ. அவ பேசுனா நான் பேசுனாப்புல." சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஷெட்டுக்குப் போய்விட்டார். அங்கே புல்வெட்டும் மெஷினைக் கழற்றிப் போட்டிருந்தார்.

ஆபீஸ்காரி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள். குரலில் உப்பும் இல்லை புளிப்பும் இல்லை. "நவம்பர் ரெண்டாம் தேதி சார் வெளியில வேறொரு மருந்துத் திட்டத்துல சேந்திருக்காருங்க. வெளியில சேந்தா எங்க திட்டம் ரத்தாயிடும். அவர வச்சுத்தான் அவங்க மனைவிக்கும் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் போயிடுச்சு. புதுத் திட்டம் சாருக்கு மட்டுந்தான். ஒருதடவ போனா திரும்ப எடுத்துக்க மாட்டோம், அதான் ரூல்."

டார்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

நவம்பர் இரண்டு சனிக்கிழமை. எமில் மாமா காலேஜ் புட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். டார்லா அதே சோபாவில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமாவின் ஓய்வூதியத்தில் மருந்துக்கென்று மாதம் அறுபத்திரண்டு டாலர் பிடிக்கிறார்கள், இதோ பத்தொன்பது டாலருக்கு ஒரு திட்டம் இருக்கிறதே என்று அவள்தான் கண்டுபிடித்தாள். "மாமா, மாத்திரவா?" என்று கேட்டாள். "செய் கண்ணு, செய்" என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பழைய கம்பெனிக் காப்பீடு இருந்தால் அதை இழக்க நேரிடும் என்பது புரிகிறது என்று எழுதி, டிக் போடச் சொல்லியிருந்தது. இப்படிக் கட்டங்களை யார் படிக்கிறார்கள்? டார்லா டிக் போட்டாள். விண்ணப்பத்துக்கு உதவியவர் பெயர் கேட்டிருந்ததில் தன் பெயரையும் எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எங்களுக்கு ஒரு லெட்டராவது போட்டிருக்கக் கூடாதா?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள் டார்லா. கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"டிசம்பர் நாலாம் தேதி போட்டோங்க. மனைவி தனியா வேற திட்டத்துல சேர ரெண்டு மாசம் டைம் இருக்குன்னும் எழுதியிருந்தோம். பிப்ரவரியோட முடிஞ்சுது."

வெர்னா அடுப்பைப் பார்த்தபடியே, "எல்லாம் ஷெட்டு அடுப்புல போச்சு. ஒண்ணு விடாம" என்றாள்.

அதுவும் டார்லாவின் ஏற்பாடுதான். இலையுதிர் காலம் வந்தால் இந்த ஊர்க் கிழவர்களின் தபால் பெட்டி வாயடைத்துப் போகும். எங்களிடம் சேருங்கள், கண்ணாடி இலவசம், பல் இலவசம், கூட்டத்துக்கு வந்து கேட்டால் கறிச் சாப்பாடும் இலவசம் என்று எத்தனை கம்பெனி உண்டோ அத்தனையும் எழுதும். எழுதுகிற கம்பெனிகள் சும்மாவும் எழுதுவதில்லை, அரசாங்கக் கடிதம் போலவே முத்திரை குத்தி, அவசரம் என்று சிவப்பில் போட்டு அனுப்புவார்கள். எமில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பயந்து டார்லாவுக்குப் போன் செய்வார். "காப்பீடுன்னு எது வந்தாலும் பிரிக்காதீங்க மாமா, எரிச்சிடுங்க. எல்லாம் முடிச்சாச்சு" என்று அவள்தான் சொன்னாள். எமில் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். டிசம்பர் பாதியில் மூன்று மாத மருந்து வழக்கம்போல வந்து இறங்கியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"ஒரு வழிதான் இருக்கு" என்றாள் ஆபீஸ்காரி. "வெளித் திட்டமெல்லாம் அரசாங்கத்துக்குக் கீழதான். அந்த நவம்பர் சேர்க்கைய அரசாங்கம் செல்லாதுன்னு ரத்து பண்ணுச்சுன்னா, அவர் எங்கள விட்டுப் போகவே இல்லன்னு ஆயிடும். ரெண்டு பேரையும் பழையபடி எடுத்துக்குவோம். நீங்க அங்க பேசிப் பாருங்க."

டார்லாவுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி உடம்பு முழுக்க இருந்தது. அத்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"அத்தே, அது நான்தான்."

"தெரியுது. ஸ்பீக்கர்லதான போட்டிருக்க. காகிதம்னா ஒன்ன விட்டா யாரு" என்றாள் வெர்னா. "அடுத்த நம்பரப் போடு."

அரசாங்க எண்ணுக்கு வேறு பாட்டு. ஐம்பது நிமிடம் ஓடியது. அத்தை நூடுல்ஸ் வடித்தாள். கடைசியில் மார்வெட்டா என்று ஒருத்தி வந்தாள். மறுபடி எமிலை ஷெட்டிலிருந்து கூப்பிட்டு, சடங்கு முடித்து, திருப்பி அனுப்பியாயிற்று. இந்த மார்வெட்டா மனுஷி. கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பாருங்கம்மா, ஒளிக்காம சொல்றேன். அவருக்குத் தெரியாம, அவர் சம்மதம் இல்லாம வேற யாராவது சேத்துவிட்டிருந்தா நான் இப்பவே ரத்து பண்ணிடுவேன், மொதல்லருந்தே செல்லாது. அவர் சம்மதத்தோட நடந்திருந்தா என்னால முடியாது. அப்புறம் வருஷத்துக்கு ஒருவாட்டி அக்டோபர்லதான் ஆள் சேப்பாங்க, உங்க அத்தை அப்ப சேந்து அடுத்த ஜனவரியிலதான் மருந்து."

"அது நான் செஞ்சது. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் டார்லா. "என் பேரப் போட்டுக்குங்க. திருட்டுத்தனமா செஞ்சேன்னே எழுதிக்குங்க."

"நீங்க சொன்னா பத்தாதும்மா. அவர் வாயால சொல்லணும். இது பதிவாகுது. நான் கேக்கும்போது வேற யாரும் குரல் குடுக்கக் கூடாது. குடுத்தீங்கன்னா பதில் செல்லாமப் போயிடும். கூப்பிடுங்க அவர."

வெர்னா கதவைத் திறந்து கூப்பிட்டாள். எமில் கையில் கிரீஸோடு வந்தார். அவரிடம் விளக்க ஒரு நிமிடம் கிடைக்கும் என்று டார்லா நினைத்திருந்தாள். கிடைக்கவில்லை. கதவுச் சத்தம் கேட்டதுமே மார்வெட்டா தொடங்கிவிட்டாள்.

"சார், நல்லா கேளுங்க. போன நவம்பர்ல உங்கள ஒரு மருந்துத் திட்டத்துல சேத்திருக்கு. சேத்தவங்க பேரு டார்லா. அவங்க அத உங்க அனுமதி இல்லாம செஞ்சாங்களா?"

எமில் தலையைத் தூக்கி டார்லாவைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. டார்லா மின்சார பில் உறையை இழுத்துப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள். "ஆமான்னு சொல்லுங்க. நான் கேக்காம செஞ்சேன்." எழுதி அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். உதடு அசைந்தது. வெர்னா அவர் சட்டைக் கையைப் பிடித்து, ஆமாம் என்று தலையை ஆட்டிக் காட்டினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உறையை டார்லாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இல்லவே இல்ல" என்றார் போனுக்கு. இந்த முறை கத்தவில்லை. "நான்தான் செய்யச் சொன்னேன். அவ கேட்டா, நான் செய்யின்னேன். தப்பு இருந்தா என்னோடது. என் பேர எழுதிக்கோ."

மார்வெட்டா விடவில்லை. "சார், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இன்னொருக்கா கேக்கட்டுமா?"

"நூறுவாட்டி கேளு. இதேதான் சொல்லுவேன்."

"சரி சார். பதிவாயிடுச்சு, இனி மாத்த முடியாது." வேறு உதவி வேண்டுமா என்று கேட்டாள், அது அவர்கள் கேட்டே ஆக வேண்டியது. நல்ல நாளாக அமையட்டும் என்றாள். கொஞ்சம் தயங்கி, "பாத்துக்குங்கம்மா" என்று சொல்லி வைத்தாள்.

எமில் நிமிர்ந்தார். இருபது வயது குறைந்தது போல இருந்தார். "கேக்குற தினுசுலயே தெரிஞ்சுபோச்சு, ஒன்ன மாட்டிவிடத்தான் அந்தப் பொம்பள பாக்குறான்னு. உலையில ஒரு அச்சு ஒடஞ்சா ஃபோர்மேன் இப்படித்தான் வந்து கேப்பான், எவன்டா செஞ்சதுன்னு. வரிசைல நிக்கிற அத்தன பேரும் நான்தான்னு சொல்லுவோம். முப்பத்துமூணு வருஷத்துல ஒருத்தன் பேர நான் சொன்னதில்ல. என் தங்கச்சி மவ பேர சொல்லிடுவேனா?" டார்லாவின் தலையில் கையை வைத்தார், கிரீஸ் பட்டது. "நீ பாட்டுக்குப் பழிய ஏத்துக்கலாம்னு பாக்குற. கிறுக்கி. இனி ஒன்ன ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆமா, வெர்னா மருந்து என்னாச்சு? கெடச்சுதா?"

டார்லா வாயைத் திறந்தாள்.

"பேசியாச்சு. வரும்" என்றாள் வெர்னா. "கையக் கழுவிட்டு வா, ஆறிப்போகுது."

அவர் கை கழுவப் போனார். குளியலறையில் தண்ணீர் திறக்கும் சத்தமும், காது மெஷினின் விசிலும், கூடவே அவர் முணுமுணுக்கிற ஏதோ பாட்டும் கேட்டன. டார்லா கவிழ்ந்து கிடந்த உறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதாவது அழ வேண்டும் போல இருந்தது, அதுவும் வரவில்லை.

வெர்னா மூன்று தட்டுகளை வைத்தாள். டார்லாவின் தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாகவே போட்டாள்.

"அவர்ட்ட சொல்லிடாத" என்றாள் மெல்ல. "எனக்கு மருந்து நின்னத அவரு தாங்கிக்குவாரு. தன் வாயாலதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

"அத்தே, இன்னும் பத்தொம்பது நாள்தான்."

"எண்ணத் தெரியும் எனக்கு. சாப்பிடு."

எமில் ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து ஜெபம் சொன்னார். மருந்து கிடைத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். வெர்னா ஆமென் என்றாள். அவர் டார்லாவைப் பார்த்துக் காத்திருந்தார். டார்லாவும் சொன்னாள்.