பழைய கறுப்பு ஃபிரேம்

என் மனைவியின் ஃபிரேமை மாற்றிவிட்டது நானேதான். கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துவது என் பிழைப்பு. எத்தனை காலத்துக்குத்தான் அந்தத் தடித்த கறுப்புக் கண்ணாடியோடு தலைமையாசிரியை மாதிரி இருப்பாள் என்று, விளிம்பில்லாத மெல்லிய கண்ணாடி ஒன்றைக் காலையில் என் கையாலேயே மாட்டி, காதோரம் சரிசெய்து அனுப்பினேன்.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தேன். தலையையும் மூடிய மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் எனக்கு முன்னால் வந்து சிரித்துக்கொண்டே நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. என் மனைவி வர்ற நேரம். மறைக்குது."

"சரிங்க, தள்ளிக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது, அவள்தான் என் மனைவி. நான் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கறுப்பு ஃபிரேமை. பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டில் தட்டுகள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

"கோபமா?"

"ஒண்ணுமில்ல."

கல்யாணமான பிறகு நான் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. "ஒண்ணுமில்ல" என்றால் நிறைய இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முகங்கள் மனதில் நிற்காது. நடை, குரல், தலைமுடி, முக்கியமாக ஃபிரேம், இவற்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதிலும் பாருங்கள், என்னிடம் புதுக் கண்ணாடி வாங்கிய மறுநிமிடமே வாடிக்கையாளர் எனக்கு அந்நியராகிவிடுவார். உலகத்தில் இப்படி ஒரு வியாபாரி இருக்க முடியுமா? வழியில் பார்த்தும் பேசாமல் போகிறேன் என்று சொந்தக்காரர்கள் எனக்கு 'மகாராஜா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும், திமிர்தான் போலிருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

மறுநாள் கடை மாடியில் இருக்கும் கண் டாக்டரம்மாவிடம் புலம்பினேன். வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு என் கண்ணைச் சோதித்தார்.

"கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு. கோளாறு அதுக்குப் பின்னால. இந்தம்மா பேசறதைக் கேளுங்க" என்று போனில் ஒரு மேடைப்பேச்சின் பதிவை அனுப்பினார்.

பேசியவர் ஒரு மூளை விஞ்ஞானி. வயதான குரல். நடுநடுவே இருமல். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை, என்னைப் போன்றவர்களை உட்காரவைத்து முகப்படங்களைக் காட்டுவது. தலைமுடியை மறைத்து, கண்ணாடியைக் கழற்றி, வெறும் முகத்தை மட்டும். ஒருவர் தன் சொந்தப் படத்தையே பார்த்து, "யாரோ பாவம், தூக்கமில்லாத ஆளு" என்றாராம். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். விஞ்ஞானி மட்டும் சிரிக்கவில்லை. "தூக்கமில்லைன்னு சரியா கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றாராம்.

அந்த இடத்தில் நான் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, லென்ஸ் அல்லாத ஒன்றைத் துடைத்துக்கொண்டேன். என்னை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர், எனக்காக அத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறார். அவர் நேரில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. என் நன்றியின் லட்சணம் அப்படி.

"இது அன்பில்லாததால் வருவதில்லை" என்று பேச்சை முடித்தார். மருந்து உண்டா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "எனக்குத் தெரிந்து இல்லை."

அன்று மாலை சமையலறையில் போனை உப்பு டப்பாமேல் சாய்த்துவைத்து, மனைவிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். தூக்கமில்லாத ஆள் வந்ததும் குழாயை மூடினாள். முடியும்வரை திறக்கவில்லை.

நான் பையிலிருந்து பழைய கறுப்பு ஃபிரேமை எடுத்தேன். புது லென்ஸ் போட்டு, பளபளவென்று துடைத்துவைத்திருந்தேன்.

"இதையே மாட்டித் தரட்டுமா? இனிமே தப்பு வராது."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மறுபடியும் ஒண்ணுமில்லன்னு சொல்லிடாத" என்றேன். "நேரா சொல்லு."

கையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரேமை என் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"வேணாம். புதுசு எனக்குப் பிடிச்சிருக்கு. திமிருன்னு நானும்தான் நெனச்சிருந்தேன், அந்தக் கோபம் இப்ப போயிடுச்சு. ஆனா கூட்டத்துல நான் உங்களைத் தேடுவேன், உங்களுக்கு என்னைத் தேடத் தெரியாது. அது வலிக்குது, இனிமேலும் வலிக்கும். அதனால நீங்க பஸ் ஸ்டாப்புல நின்னா போதும். வந்து பேர் சொல்லிக் கூப்பிடறது என் வேலை."